உப்பின் மேல் எழுந்த தலைநகரம்

1364ஆம் ஆண்டு மே மாதம், போலந்து மன்னர் மூன்றாம் காசிமிர் கிராக்கோவ் நகரில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவச் சாசனம் எழுதிக் கொடுத்தார். ரோமானியச் சட்டத்துக்கு ஐந்து ஆசிரியர்கள், திருச்சபைச் சட்டத்துக்கு மூவர், மருத்துவத்துக்கு இருவர், கலைகளுக்கு ஒருவர் என்று பதினோரு இடங்கள். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதும் முடிவாகியிருந்தது. நகரத்துக்குத் தென்கிழக்கே, வியெலிச்காவில் மண்ணுக்கடியிலிருந்து வெட்டியெடுக்கும் உப்பின் வருமானம்தான் அந்தச் சம்பளம். மத்திய ஐரோப்பாவில் பிராகாவுக்கு அடுத்ததாகத் தோன்றிய பல்கலைக்கழகம் இப்படி உப்புக் காசில் பிறந்தது. 1370இல் மன்னர் இறந்ததும் அது படுத்துவிட்டது. ராணி யாத்விகா விட்டுச்சென்ற நகைகளை வைத்து 1400இல் மீண்டும் எழுப்பினார்கள். 1491இல் கோப்பர்னிக்கஸ் மாணவராக வந்து சேர்ந்தது இந்த இரண்டாம் பிறவியில்தான்.

கிராக்கோவைப் பற்றிப் பயணக் கையேடுகள் எல்லாம் ஒரே ராகத்தைப் பாடுகின்றன. வார்சா இடிந்து தரைமட்டமானது, கிராக்கோவ் தப்பிப் பிழைத்தது, ஆகவே போய்ப் பாருங்கள் என்பதே அந்த ராகம். அது உண்மைதான். ஆனால் இரண்டாம் உலகப் போர் ஒரு நகரத்தை விட்டுவைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால், விட்டுவைக்கும் அளவுக்கு அங்கே என்ன இருந்தது, அது ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடாது. அதற்கு உப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதே நல்ல வழி என்பது என் கட்சி. அரண்மனை, பல்கலைக்கழகம், சந்தை, சாப்பாட்டுத் தட்டு, பக்கத்து மலை என எல்லா இடத்துக்கும் அந்த வழி போகிறது. போகாத இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

சுமார் 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கார்ப்பாத்திய மலைகளின் அடிவாரத்தில் ஆழமில்லாத கடல் ஒன்று இருந்தது. அது வற்றி உப்பைப் படியவிட்டுப் போனது. வடக்கே நகர்ந்துவந்த மலைகள் அந்தப் படிவை மடித்து நெருக்கி மேலே தள்ளின. உப்பு ஊற்றுகள் தரையிலேயே கசிந்ததால், கற்கால மனிதர்களே அந்த நீரைப் பானைகளில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் ஊற்றுகள் வற்றத் தொடங்கின. நீரைத் தேடி ஆழமாகத் தோண்டியபோது பாறையுப்பு தட்டுப்பட்டது. முதலில் போக்னியாவில், பிறகு வியெலிச்காவில்.

மக்கள் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். ஹங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, போலந்து இளவரசர் பொலெஸ்வாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் புறப்படுமுன், சீதனமாகக் கிடைத்த ஹங்கேரிய உப்புச் சுரங்கத்தில் தன் மோதிரத்தை எறிந்தாராம். போலந்து வந்து ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னாராம். முதலில் கிடைத்த உப்புக்கட்டியை உடைத்தால் உள்ளே அதே மோதிரம். கதையைக் கதையாக வைத்துக்கொள்வோம். ஆனால் சுரங்கத் தொழில் தெரிந்த ஆட்கள் அந்தக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்தார்கள் என்ற நினைவு அதற்குள் ஒளிந்திருக்கக்கூடும். சுவாரசியம் இன்னொன்றில் இருக்கிறது. கிங்காவின் கணவரான இதே பொலெஸ்வாதான் 1257இல் கிராக்கோவுக்கு நகர உரிமைச் சாசனம் வழங்கியவர். உப்பும் நகரமும் ஒரே வீட்டில் பிறந்தவை.

1241இல் மங்கோலியர்கள் ஊரைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து, மாக்டெபுர்க் நகரச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அளவுநூல் பிடித்துத் தெருக்களை வகுத்தார்கள். நடுவே பக்கத்துக்கு இருநூறு மீட்டர் கொண்ட சதுக்கம். ஏறக்குறைய பத்து ஏக்கர். இடைக்கால ஐரோப்பாவில் இந்த அளவுக்குத் துணிந்து இடம் விட்ட ஊர்கள் அரிது. இன்றைக்கு அங்கே காபிக் கடைகளின் குடைகளும் குதிரை வண்டிகளும் நிற்கின்றன. அதன் அடியில் 2010இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய எடைபோடும் கூடங்களின் அடித்தளங்களும், கிட்டத்தட்ட 700 கிலோ எடையுள்ள ஒரு ஈயப் பாளமும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், சதுக்கத்தின் நடுவில் நிற்கும் துணிக்கூடத்துக்குள் பொம்மை வாங்கிக்கொண்டிருப்பதைவிட, அந்த ஈயத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்பது மேல்.

ஏனென்றால் நகரத்தின் செல்வத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒல்குஷ் பகுதியின் ஈயம், ஹங்கேரிய மலைகளின் செம்பு, ஃபிளாண்டர்ஸின் துணி ஆகியவை வணிகர்களின் வாசலில் நுழைந்தன. கிராக்கோவைக் கடந்துபோகும் சரக்கை அங்கேயே இறக்கி விற்றாக வேண்டும் என்ற உரிமை இருந்தது. உப்போ அரசரின் வாசலில் நுழைந்தது. சுரங்கம் அரசருடையது, லாபமும் அரசருடையது. காசிமிர் காலத்தில் அரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது என்று வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1368இல் அவர் உப்புத் தொழிலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார். யார் வெட்டலாம், யார் விற்கலாம், யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. சதுக்கம் வணிகர்களின் முகம். விஸ்துலா ஆற்றின் வளைவில் குன்றின்மேல் நிற்கும் வாவெல் கோட்டை அரசரின் முகம். கிராக்கோவில் ஒருநாள் நடந்தாலே இந்த இரண்டு முகங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

வணிகர்களின் பெருமிதத்துக்குச் சாட்சி மரியன்னை ஆலயப் பீடம். நியூரம்பெர்க்கிலிருந்து வந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை இழைத்த மரவேலை அது. உயரம் 13 மீட்டர் அளவில். அப்போஸ்தலர்களின் கைகளைப் பாருங்கள். நரம்பு புடைத்து, மூட்டு வீங்கி, உழைத்துக் களைத்த கைகள். அந்த ஊர் ஆட்களைப் பார்த்துச் செதுக்கியவை என்றே நம்பத் தோன்றுகிறது. நாஜிகள் இதைக் கழற்றி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். நியூரம்பெர்க் கோட்டையின் நிலவறையில் கண்டெடுக்கப்பட்டு 1946இல் போலந்துக்குத் திரும்பியது.

அதே ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை ஊதுகொம்பு ஒலிக்கும், பாதியில் அறுந்து நிற்கும். எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் மங்கோலிய அம்பு பாய்ந்ததன் நினைவு என்பார்கள். இந்தக் கதையை உலகெங்கும் பரப்பியது எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் 1928இல் வெளியிட்ட சிறுவர் நாவல். ஊதுகிறவர்கள் நகரத் தீயணைப்பு வீரர்கள். அது கதையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

அரசர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்சாவுக்குப் போய்விட்டார்கள். முடிசூட்டுவதற்கும் புதைப்பதற்கும் மட்டும் கிராக்கோவ் என்றானது. அடி விழுந்தது 1772இல். போலந்தை மூன்று அண்டை அரசுகள் பங்குபோடத் தொடங்கிய அந்த ஆண்டில் ஆஸ்திரியா வியெலிச்காவையும் போக்னியாவையும் எடுத்துக்கொண்டது. கிராக்கோவ் இன்னும் போலந்திடமே இருந்தது. ஆற்றுக்கு அக்கரை ஆஸ்திரியாவுடையது, உப்பும் அக்கரையோடு போயிற்று. நகரம் பறிபோவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அதன் உப்பு பறிபோய்விட்டது. பின்னர் வந்த நூறாண்டில், பெயருக்குச் சுதந்திர நகரமாகவும் (1815 முதல் 1846 வரை) பிறகு ஆஸ்திரியப் பேரரசின் ஓரத்துக் கோட்டை ஊராகவும் கிராக்கோவ் காலம் தள்ளியது. நகர மதிலைக்கூட இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில்தான் பிளான்டி என்ற பூங்கா வளையம் பழைய ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெரிதாக இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடுகள் தப்பின. 1978இல் யுனெஸ்கோ முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருந்த பன்னிரண்டு இடங்களில் இரண்டு கிராக்கோவும் வியெலிச்காவும்.

வியெலிச்காவுக்குக் கிராக்கோவ் மத்திய நிலையத்திலிருந்து புறநகர் ரயில் போகிறது. அரைமணி நேரம்கூட ஆகாது. இறங்குவது மரப்படிகளில், சுமார் 380 படிகள், கீழே பார்த்தால் தலைசுற்றும் கிணறு. சுரங்கத்தின் ஆழம் 327 மீட்டர், ஒன்பது அடுக்குகள், பாதைகளின் மொத்த நீளம் 245 கிலோமீட்டருக்கு மேல். பயணிகளுக்குக் காட்டுவது 135 மீட்டர் ஆழம் வரை, மூன்று கிலோமீட்டர் சொச்சம். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 17, 18 டிகிரி. மேலே வர மின்தூக்கி உண்டு.

எல்லோரும் போற்றுவது புனித கிங்கா தேவாலயம். 101 மீட்டர் ஆழத்தில் 54 மீட்டர் நீளக் கூடம். தரையும் சுவரும் பீடமும் உப்பில் செதுக்கியவை, சரவிளக்குகளில் தொங்குவதும் உப்புப் படிகம். 1896இல் தொடங்கிய இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் யோசெஃப் மார்கோவ்ஸ்கி, தோமாஷ் மார்கோவ்ஸ்கி, அந்தோனி விரோதெக் என்ற சுரங்கத் தொழிலாளர்கள். அழகுதான். ஆனால் வழியில் வேகமாகக் கடந்துபோகும் சிறிய அறைகள்தான் தொழிலின் கதையைச் சொல்கின்றன. உப்பைப் பீப்பாய் வடிவத்தில் செதுக்கியெடுத்தார்கள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையிருந்தாலும் உருட்டிக்கொண்டு போகலாம். மேலே இழுக்கும் மரச்சக்கரங்களைச் சுற்றக் குதிரைகள் இருந்தன. கடைசிக் குதிரை வெளியே வந்தது 2002இல். மேல்தட்டில் தேங்கும் மீத்தேன் வாயுவை நீண்ட கம்புப் பந்தத்தால் கொளுத்திவிட, நனைந்த உடையில் தரையோடு தரையாகத் தவழ்ந்துபோன ஆட்களுக்குத் ‘தவசிகள்’ என்று பெயர். தாங்குதூண்கள் மரத்தாலானவை. உப்பில் இரும்பு துருப்பிடித்துப்போகும், மரமோ இறுகி உறுதிப்படும்.

உப்பின் பகை நீர். 1992இல் ஒரு சுரங்கவழியில் நீர் பீறிட்டுப் பாய்ந்து, மேலே ரயில் தடமும் மடாலயமும் ஆட்டங்கண்டன. பாறையுப்பு வெட்டுவது 1964இலேயே முடிந்திருந்தது, வணிக உற்பத்தி 1996இல் முற்றிலும் நின்றது. காற்றின் ஈரம் சிற்பங்களின் முகங்களைக் கரைத்ததால் 1989 முதல் 1998 வரை வியெலிச்கா யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. இப்போது உள்ளே விடும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். கசியும் நீரை இறைக்காவிட்டால் சுரங்கமே போய்விடும் என்பதால் அதை இறைத்துக் காய்ச்சுகிறார்கள். ஆகவே சுரங்கம் மூடியும் உப்பு வருகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் இந்த நெரிசல் பிடிக்காதவர்கள் கிராக்கோவுக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் போக்னியாவுக்குப் போகலாம். வியெலிச்காவைவிட மூத்தது, அலங்காரம் குறைவு. 2013இல் அதுவும் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உப்பு மலிவாகவும் குளிர்காலம் நீளமாகவும் இருக்கும் நாட்டில் சமையல் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம். எதையும் உப்பிட்டுப் புளிக்கவிடுவார்கள், அல்லது உப்பிட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள். முட்டைக்கோசை நறுக்கி, எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உப்புச் சேர்த்து அமுக்கி மூடிவைத்தால், அழுகவைக்கும் கிருமிகள் தோற்று லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வெல்லும். அது வசந்தம் வரை தாங்கும். வெள்ளரிக்காயும் அப்படித்தான். கோடையில் இரண்டு மூன்று நாள் மட்டும் உப்புநீரில் ஊறிய இளம் வெள்ளரி, கடித்தால் நறுக்கென்று, பாதி பச்சையும் பாதி ஊறுகாயுமாக இருக்கும். பழைய ஊரை ஒட்டியுள்ள ஸ்தாரி கிளெபாஷ் சந்தையில் பெரிய வாளிகளில் வைத்து விற்கிறார்கள். ருசி பார்க்கக் கேட்டால் கொடுப்பார்கள்.

ஜூரெக் என்ற சூப்பைத் தமிழ் நாக்குக்கு எளிதில் பழக்கிவிடலாம். கோதுமைக்கு உறவான ‘ரை’ தானிய மாவை நீரில் கரைத்து, நாம் தோசை மாவைப் புளிக்கவைப்பதுபோல நாலைந்து நாள் வைத்து, அந்தப் புளித்த நீரைப் பூண்டும் மூலிகையும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. அவித்த முட்டையும் தொத்திறைச்சியும் மிதக்கும். சைவக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, வெறும் சூப் என்று நம்பி உட்காரக்கூடாது. அவர்களுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டை இருக்கிறது. அதன்மேலும் பன்றிக்கொழுப்பு வறுவல் தூவும் பழக்கம் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மலிவாகச் சாப்பிட ‘பால் கடை’ என்ற பெயரில் இயங்கும் எளிய உணவகங்கள் இருக்கின்றன. அரசு மானியத்தில் நடந்த மரபு. தட்டை நாமே எடுத்துப்போய்க் கழுவுமிடத்தில் வைக்க வேண்டும். இறைச்சி உண்பவர்கள் நகருக்கு மேற்கே லிஷ்கி வட்டார ஊர்களில் செய்யும் தொத்திறைச்சியைத் தேடலாம். கரடுமுரடாக நறுக்கிய பன்றி இறைச்சி, உப்பு, வெள்ளை மிளகு, பூண்டு, புகை, அவ்வளவுதான்.

தெருவுக்குத் தெரு நிற்கும் வண்டிகளில் தொங்குவது ஒப்வஜானெக். இரண்டு மூன்று மாவுத் திரிகளை முறுக்கி வளையமாக்கி, முதலில் வெந்நீரில் போட்டெடுத்து, பிறகு அடுப்பில் சுடுவது. மேலே கசகசா, எள் அல்லது உப்புப் பரல்கள். 1394ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்கேட்டில் இது ராணி யாத்விகாவுக்காக வாங்கப்பட்ட பதிவு இருக்கிறது. 1496இல் மன்னர் யான் ஓல்பிராக்த் இதைச் சுடும் உரிமையை நகரத்து ரொட்டிக்காரர்களுக்கே கொடுத்தார். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராக்கோவ் நகரிலும், கிராக்கோவ், வியெலிச்கா வட்டங்களிலும் சுட்டால் மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். அரசரின் வாசலும் வணிகர்களின் வாசலும் ஒரு ரொட்டி வளையத்தில் சேர்ந்துவிட்டன. காலையில் வாங்குங்கள். மாலைக்குள் மரக்கட்டையாகிவிடும்.

அதே யான் ஓல்பிராக்த் ஓராண்டு முன்பு, 1495இல், யூதர்களைக் கிராக்கோவிலிருந்து பக்கத்து நகரான காசிமியெஷுக்கு அனுப்பினார். அது 1335இல் காசிமிர் தனி நகராக நிறுவி, தன் பெயரையே இட்ட ஊர். துரத்தப்பட்ட இடத்தில் அவர்கள் ஐரோப்பாவின் பெரிய கல்வி மையம் ஒன்றை வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மோசே இஸ்ஸெர்லெஸ் எழுதிய சட்ட விளக்கங்களைக் கிழக்கு ஐரோப்பிய யூத மரபு இன்றும் பின்பற்றுகிறது. அவருடைய கல்லறை ரெமு தொழுகைக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் நான்கில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் நாஜிகள் அவர்களை ஆற்றுக்கு அக்கரையில் போத்குஜே பகுதியில் சுவர் எழுப்பி அடைத்தார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அந்த அடைப்பையும் காலிசெய்தார்கள்.

இன்றைய காசிமியெஷ் இரவு விடுதிகளுக்குப் பேர்போனது. புதிய சதுக்கம் எனப்படும் பிளாட்ஸ் நோவியின் நடுவில் வட்டமான கட்டடம் ஒன்று உண்டு. அதன் சன்னல்களில் ஜப்பியெகாங்கா என்ற பண்டத்துக்கு வரிசை நிற்கிறது. பாதியாகப் பிளந்த நீள ரொட்டியில் காளானும் சீஸும் வைத்துச் சுட்டது, 1970களின் கண்டுபிடிப்பு. அந்தக் கட்டடம் போருக்கு முன் யூத முறைப்படி கோழி அறுக்கும் இடமாக இருந்தது. இதைச் சொல்லும் பலகையை யாரும் நின்று படிப்பதாகத் தெரியவில்லை. ரொட்டி சுவையாகத்தான் இருக்கிறது. இரண்டும் உண்மை.

உப்பின் வழி இங்கே நிற்கிறது. மேற்கே 65 கிலோமீட்டரில் ஓஷ்வியென்சிம் என்ற ஊர், ஜெர்மானியர்கள் இட்ட பெயரில் அவுஷ்விட்ஸ். 1940இல் போலந்து அரசியல் கைதிகளுக்காகத் தொடங்கிய முகாம் அது. 1945 ஜனவரி 27 வரை அங்கே சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். கிராக்கோவின் பயண முகமைகள் பல இதையும் வியெலிச்காவையும் ஒரே நாளில் இணைத்து விற்கின்றன. காலையில் முகாம், மதியம் பொட்டல உணவு, மாலையில் உப்புத் தேவாலயம். நேரம் குறைந்தவர்களுக்கு வசதி என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஒப்பவில்லை. அருங்காட்சியகமே குறைந்தது மூன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறது. முதல் முகாமில் கண்ணாடிக்குப் பின்னே குவிந்த காலணிகளையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பிர்கெனா முகாமுக்குப் போனால் அங்கே பார்க்க அதிகமில்லை. தண்டவாளம், புகைபோக்கிகள், இடிபாடுகள், பிறகு வெறும் பரப்பு. அந்தப் பரப்பை நடந்து கடக்கத்தான் நேரம் வேண்டும். பேருந்து காத்திருக்கிறது என்ற நினைப்போடு அதை நடக்க முடியாது. ஒரு நாள் முழுதாக ஒதுக்க முடியாதென்றால் போகாமலிருப்பதே மேல் என்பேன். நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம்.

கிராக்கோவ் ‘சேதமின்றித் தப்பியது’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வாவெல் கோட்டையில் நாஜி ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் குடியிருந்தார். 1939 நவம்பர் 6 அன்று கூட்டம் என்று அழைத்து, பல்கலைக்கழக ஆசிரியர்கள் 180க்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்து ஜாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினார்கள். உப்பு வருமானத்தில் பிறந்த அதே பல்கலைக்கழகம். கட்டடங்கள் தப்பின, அதுவே சரியான வாக்கியம்.

கட்டடங்களுக்கான ஆபத்து போருக்குப் பிறகு வந்தது. 1949இல் புதிய அரசு, நகருக்குக் கிழக்கே உருக்காலையும் அதற்கொரு ஊரையும் கட்டத் தொடங்கியது. நோவா ஹூட்டா என்று பெயர். அகன்ற நிழற்சாலைகள், ஒரே மாதிரியான சோசலிசக் காலக் குடியிருப்புகள், கோவிலில்லாத ஊர் என்ற திட்டம். தொழிலாளர்கள் சிலுவைக்காக 1960இல் காவல்துறையோடு மோதினார்கள். 1977இல் பேழை வடிவில் எழுந்த ஆலயத்தை அர்ப்பணித்தவர் அப்போதைய கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்தீவா, மறு ஆண்டே இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரானவர். ஆலைப் புகையின் அமிலம் பழைய ஊரின் கற்சிலைகளை அரித்தது. வீடுகளின் நிலக்கரி அடுப்புகளும் சேர்ந்துகொள்ள, குளிர்காலக் காற்று போலந்திலேயே மோசமானவற்றுள் ஒன்றானது. 2019 செப்டம்பர் 1 முதல் நகரில் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை இருக்கிறது, போலந்து நகரங்களில் முதல்முறையாக. சுற்றியுள்ள ஊர்களின் புகை இன்னும் வந்து தங்குகிறது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் டிசம்பர், ஜனவரியைத் தவிர்க்கலாம்.

காற்று மாற வேண்டுமென்றால் தெற்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் தாத்ரா மலையடிவாரத்து சகோபனெ. மலையேறாதவர்கள் வடக்கே இருபது கிலோமீட்டரில், சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கான ஒய்த்சுவுக்குப் போகலாம். நாட்டின் மிகச்சிறிய தேசியப் பூங்கா அதுதான். சகோபனெயில் உப்பு மீண்டும் கைகொடுக்கிறது. மேய்ச்சல் குடிசைகளில் செம்மறியாட்டுப் பாலைத் திரித்து, செதுக்கிய மர அச்சுகளில் அழுத்தி, கெட்டி உப்புநீரில் ஒருநாள் போல ஊறவைத்து, பிறகு கூரையடியில் நாள்கணக்கில் புகையூட்டுவார்கள். கதிர்போல இருமுனையும் கூர்ந்து, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் இந்தச் சீஸுக்கு ஒஸ்சிபெக் என்று பெயர். நெருப்பில் வாட்டி, புளிப்பான கிரான்பெரிப் பழக்கூழோடு சாப்பிட வேண்டும். 2008இல் ஐரோப்பியப் பாதுகாப்புப் பெற்றபோது விதிகளும் எழுதப்பட்டன. பாலில் குறைந்தது நூற்றுக்கு அறுபது பங்கு செம்மறியாட்டினுடையதாக இருக்க வேண்டும், எடை 600 முதல் 800 கிராம், தயாரிப்பு மே முதல் செப்டம்பர் வரை. ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்ட பிப்ரவரியிலும் சகோபனெயின் கடைத்தெருவில் வரிசை வரிசையாக அது அடுக்கியிருக்கும். அது பசும்பாலில் செய்தது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.